விசுவாசியின் கடமைகள்: வாசகர் கேள்வி – பதில்

தவக்காலம் நெருங்குவதால் இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை திருச்சபைக் கட்டளைகளைப் பற்றியே கேட்டிருந்தன. அவற்றில் நான்கை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: சுவாமி, காலபோக நெல் விளைந்து நின்றது. வெட்டுமெசின் எங்கள் பக்கம் ஒன்றிரண்டுதான் வருகிறது. எங்கள் முறை ஞாயிறு காலையில் விழுந்தது. வானமும் இருட்டியிருந்தபடியால் பூசைக்குப் போகாமல் வயலில் நின்றேன். இது சாவான பாவமா?
– விவசாயி ஒருவர், முரசுமோட்டை

பதில்: நீங்கள் சொல்லும் நிலையில் பாவமில்லை. ஞாயிறு திருப்பலியில் பங்குபற்றுவது விசுவாசியின் கட்டாயக் கடமை என்று 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு (சட்டம் 1247) விதிக்கிறது. வேண்டுமென்றே தவறவிடுவது கனமான பாவம் என்பதைத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடும் ஒளித்துச் சொல்லவில்லை. ஆனால் நோய், கைக்குழந்தையின் பராமரிப்பு போன்ற தகுந்த காரணம் உள்ளவரை அக்கடமை கட்டுப்படுத்தாது என்று அதே ஏடுதான் சொல்கிறது. ஒரு போகத்து உழைப்பும் கடன்பட்டு வாங்கிய பசளையும் ஒரே மழையில் சாய்ந்துவிடும் என்ற நிலை தகுந்த காரணமே. ஓய்வுநாளில் மாடு கிணற்றில் விழுந்தால் உடனே தூக்கிவிடாதவர் உங்களுள் யார் என்று கேட்டவர் நம் ஆண்டவர் (லூக்கா 14:5).

ஆயினும் இதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம். உழவுக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும்கூட ஏழாம் நாளில் ஓய்ந்திருக்க வேண்டும் என்று விடுதலைப் பயண நூல் (34:21) கட்டளையிடுகிறது. விவசாயி என்ன காரணம் சொல்வார் என்று அறிந்தே எழுதியது போல இருக்கிறது. சனிக்கிழமை மாலைத் திருப்பலியும் ஞாயிறு கடமையை நிறைவேற்றும். முறை முன்கூட்டியே தெரிந்தால் பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள். தகுந்த காரணம் இருந்தால் விலக்குக் கொடுக்க அவருக்கு அதிகாரம் உண்டு (சட்டம் 1245). ஒரு குருவானவரே பல ஆலயங்களைப் பார்க்க வேண்டியிருக்கும் வன்னியில் திருப்பலி கிடைக்காத ஞாயிறுகளும் வரும். அந்நாளில் கடமை கட்டுப்படுத்தாதெனினும், ஆலயத்தில் கூடி இறைவார்த்தை வழிபாட்டில் பங்குபற்றுவதோ குடும்பமாகச் செபிப்பதோ பெரிதும் விரும்பத்தக்கது என்று சட்டம் சொல்கிறது.

இனி நீங்கள் கேட்காத ஒன்றை நான் கேட்கிறேன். களை பிடுங்கிய பெண்களுக்கும் மூட்டை ஏற்றிய பொடியன்களுக்கும் கூலி கொடுத்தாயிற்றா? மெசின்காரருக்கு ஏக்கர் கணக்கில் உடனே காசை எண்ணிக் கொடுக்கிறோம்; கொடுக்காவிட்டால் அடுத்த போகம் அவர் மெசினை இறக்க மாட்டார். சேற்றுக்குள் குனிந்து நின்றவர்களுக்கோ, “நெல்லு வித்த பிறகு பாப்பம்” என்று சொல்லிவிடுகிறோம். கூலியை அன்றன்றே, பொழுது சாயுமுன் கொடுத்துவிட வேண்டும் என்பது விவிலியத்தின் இணைச்சட்ட நூல் தரும் கட்டளை (24:15). வயலில் அறுவடை செய்தவர்களின் பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு (5:4) எழுதுகிறார். மறைக்கல்வி ஏடு (எண் 1867) இந்த அநீதியை, ஆபேலின் இரத்தத்தோடு சேர்த்து, விண்ணை நோக்கிக் கூக்குரலிடும் பாவங்களின் வரிசையில் வைக்கிறது. பூசை தவறியதற்கு விலக்கு உண்டு. கையில் காசை வைத்துக்கொண்டு கூலியை இழுத்தடிப்பதற்கு விலக்குக் கொடுக்கப் பங்குத்தந்தைக்கும் அதிகாரமில்லை, ஆயருக்கும் அதிகாரமில்லை. தனக்குச் செய்ய வேண்டிய கடமைகளில் இவ்வளவு இளக்கம் காட்டும் திருச்சபை, அயலாருக்குரியதில் இளகுவதே இல்லை.

கேள்வி: 2009 மாசியில் மாத்தளனில் பங்கருக்குள் இருந்தபோது, காணாமற்போன தம்பி உயிரோடு திரும்பி வந்தால் மடு மாதா ஆலயத்துக்கு நடந்து வருவதாக அம்மா நேர்த்தி வைத்தார். தம்பி இன்றுவரை வரவில்லை. அம்மாவும் சென்ற ஆண்டு இறந்துவிட்டார். நேர்த்தி தீராமல் கிடந்தால் பிள்ளைகளுக்கு ஆகாது, நீதான் தீர்க்க வேண்டும் என்று உறவினர் சொல்கிறார்கள். எனக்கு அந்தக் கடமை உண்டா?
– வாசகி ஒருவர், புதுக்குடியிருப்பு

பதில்: இல்லை, மகளே. நேர்த்தி அதை வைத்தவரை மட்டுமே கட்டுப்படுத்தும். அதன் தன்மையே அது என்று சட்டம் 1193 சொல்கிறது. காணியைப் போலவும் கடனைப் போலவும் அது பிள்ளைகளுக்கு இறங்குவதில்லை. அதைவிட, உங்கள் அம்மாவையே அந்த நேர்த்தி கட்டுப்படுத்தியிருக்கவில்லை. ஒரு நிபந்தனையைச் சார்ந்து வைத்த நேர்த்தி, அந்த நிபந்தனை நிறைவேறாவிட்டால் இல்லாமற்போகும் (சட்டம் 1194). தம்பி வரவில்லை, ஆகவே அம்மா மாதாவுக்கு எந்தக் கடனும் வைத்துவிட்டுப் போகவில்லை.

தீராத நேர்த்தி பிள்ளைகளுக்கு ஆகாது என்னும் பேச்சு நம் விசுவாசத்துக்கு உரியதன்று. மாதா கடன் வசூலிக்க வருபவர் அல்லர். அவருடைய திருச்சொரூபமே 2008 சித்திரையில் மடுவை விட்டுத் தேவன்பிட்டிக்கு இடம்பெயர நேர்ந்ததை நீங்கள் அறிவீர்கள். பங்கருக்குள் ஒரு தாய் எந்த நிலையில் செபித்தார் என்பதை அவருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. அம்மாவின் நினைவாகப் போக விரும்பினால், ஆடி 2ஆம் திகதி திருநாளுக்கோ ஆவணி 15ஆம் திகதி திருநாளுக்கோ, அல்லது கூட்டமில்லாத வேறொரு நாளிலோ, பஸ்ஸில் போய் வாருங்கள். நடக்க வேண்டுமென்பதில்லை.

தம்பிக்காகப் பூசை ஒப்புக்கொடுப்பது அவர் இறந்துவிட்டார் என்று ஒத்துக்கொள்வதாகுமோ என்ற தயக்கம் இப்பகுதியில் பல வீடுகளில் இருக்கிறது. அது தேவையற்ற தயக்கம். உயிரோடிருப்பவர்களுக்காகவும் இறந்தவர்களுக்காகவும் திருப்பலி ஒப்புக்கொடுக்கலாம் (சட்டம் 901). பெயரை மட்டும் சொல்லிக் கொடுங்கள். எந்தக் குருவும் அதற்குமேல் உங்களிடம் கேட்கக் கூடாது.

கேள்வி: நான் கணவனை இழந்தவள், தையல் வேலை செய்து இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறேன், நுண்கடன் கட்டுக்காசும் இருக்கிறது. என் அக்கா போகும் செபக்கூட்டத்தில், வருமானத்தில் பத்திலொன்று கொடுக்காதவர்கள் கடவுளிடம் களவெடுக்கிறார்கள் என்று போதிக்கிறார்கள். நானும் கொடுக்க வேண்டுமா?
– வாசகி ஒருவர், செட்டிகுளம்

பதில்: அவர்கள் எடுத்துக்காட்டுவது மலாக்கி நூலின் 3ஆம் அதிகாரம். அதைப் படிப்பவர்கள் இணைச்சட்டம் 14:28-29ஐயும் படிக்க வேண்டும். மூன்றாண்டுக்கு ஒருமுறை அந்தப் பத்திலொரு பங்கு ஊரிலேயே சேர்த்துவைக்கப்பட்டு, நிலமில்லாத லேவியருக்கும் அந்நியருக்கும் அநாதைகளுக்கும் கைம்பெண்களுக்கும் வயிறார உண்ணக் கொடுக்கப்பட வேண்டும் என்று அங்கே எழுதியிருக்கிறது. அந்தக் கணக்கில் உங்கள் வீட்டின் பெயர் பெறுபவர் பட்டியலில் இருக்கிறது. உங்களிடமிருந்து வாங்கத் துடிப்பவர்கள், உங்களுக்குக் கொடுக்க வேண்டியதைப் பற்றி ஏன் போதிப்பதில்லை? கைம்பெண்ணின் இரண்டு காசைப் பாராட்டிய ஆண்டவர், அதற்குச் சற்று முன்னர்தான் கைம்பெண்களின் வீடுகளை விழுங்குவோரைக் கண்டித்தார் (மாற்கு 12:40).

கத்தோலிக்கத் திருச்சபை விகிதம் எதையும் விதிக்கவில்லை. திருச்சபையின் தேவைகளுக்குத் தம்மால் இயன்றதைக் கொடுத்துதவும் கடமை எல்லோருக்கும் உண்டு. சமூக நீதியை வளர்ப்பதும் தம் வருமானத்திலிருந்து ஏழைகளுக்கு உதவுவதும் அதே 222ஆம் சட்டத்தின் மறுபாதி. எங்கள் பங்குகளிலும் எல்லாம் சரியாக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். திருநாட்காசு கட்டாத குடும்பத்தின் பெயரை ஒலிபெருக்கியில் வாசிக்கும் வழக்கம் எங்கேனும் இருந்தால் அதை நிறுத்த வேண்டும். வறுமையின் காரணமாக எவருக்கும் அருட்சாதனங்களின் உதவி கிடைக்காமற்போகக் கூடாது என்று சட்டம் 848 குருக்களைக் கட்டுப்படுத்துகிறது. அடக்கச் சடங்குக்கும் இவ்வாறே விதி உண்டு. முதலில் பிள்ளைகளின் சாப்பாட்டையும் கடனையும் பாருங்கள். மிஞ்சுவதில் மனமுவந்து கொடுப்பது, ஐந்து ரூபாயானாலும், போதும்.

கேள்வி: என் மகளுக்கு ஏழாம் மாதம். தவக்காலம் முழுவதும் ஒருசந்தி (ஒருவேளை மட்டும் உண்ணும் நோன்பு) பிடிக்கப் போவதாக நிற்கிறாள். விடலாமா?
– தாய் ஒருவர், முல்லைத்தீவு

பதில்: விடாதீர்கள். திருச்சபை கட்டாயமாக நோன்பிருக்கச் சொல்வது திருநீற்றுப் புதனிலும் பெரிய வெள்ளியிலும் மட்டுமே. அதுவும் 18 வயது நிறைந்தவர்கள், 59 வயது நிறைந்து 60ஆம் வயது தொடங்கும் வரை. இறைச்சி தவிர்க்கும் கடமை 14 வயது நிறைந்தவர்களுக்கு உண்டு. கர்ப்பிணிகளையும் பாலூட்டும் தாய்மாரையும் நோயாளிகளையும் நோன்பு கட்டுப்படுத்துவதில்லை. இறைச்சியை விட்டுவிட்டு வெள்ளிக்கிழமையில் நண்டுக் குழம்பும் இறால் பொரியலும் வைத்துச் சாப்பிடும் நம் கடற்கரைத் தவம் சட்டப்படி சரிதான்; தவமா என்பதை அவரவரே தீர்மானிக்கட்டும். உங்கள் மகள் விரும்பினால் தொலைக்காட்சி நாடகத்தை விடட்டும். சாப்பாட்டையும், கிளினிக்கில் கொடுக்கும் குளிசையையும் திரிபோஷாச் சத்துமாவையும் விடக் கூடாது.