பெரியப்பாவின் அருகே குழந்தைகளை விடலாமா?

கேள்வி: என் கணவரின் அண்ணனுக்கு லிம்போமா என்னும் இரத்தப் புற்றுநோய் இருப்பது தெரியவந்துள்ளது. சில இரத்தப் புற்றுநோய்கள் வைரஸால் வருகின்றன என்று எங்கோ படித்துவிட்டு, குழந்தைகளை அவர் பக்கத்தில் விடவே வீட்டில் பயப்படுகிறார்கள். இந்தப் பயம் நியாயமானதா?

பதில்: நியாயமில்லை. ஆனாலும் உங்கள் வீட்டார் படித்தது பொய்யன்று. வைரஸ் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றலாம். புற்றுநோய் அப்படித் தொற்றுவதில்லை. இந்த வேறுபாடு விளங்க, ஜப்பானில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

1977ஆம் ஆண்டு கியோட்டோவில் தகாத்சுகியும் அவருடைய சக மருத்துவர்களும், பெரியவர்களைத் தாக்கும், 'டி' செல் என்னும் வெள்ளையணுவில் தோன்றும் ஒருவகை இரத்தப் புற்றுநோயைத் தனி நோயாக அடையாளம் கண்டபோது, நோயாளிகளில் பெரும்பாலோர் தென்மேற்கில் உள்ள கியூஷு பகுதியில் பிறந்தவர்களாக இருப்பதையும் கவனித்தார்கள். நோயாளியிடம் பிறந்த ஊரைக் கேட்டு வைத்த அந்தப் பழைய பழக்கம்தான் இங்கே துப்பாக அமைந்தது. 1980இல் அமெரிக்காவில் ராபர்ட் காலோவின் ஆய்வகம் எச்.டி.எல்.வி-1 என்ற வைரஸை அறிவித்தது. கியூஷு நோய்க்கும் அதுவே காரணம் என்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் விரைவில் உறுதிசெய்தார்கள்.

இந்த வைரஸ் 'டி' செல்லுக்குள் புகுந்து, தன் மரபுப்பொருளைச் செல்லின் டி.என்.ஏ.வோடு பிணைத்துக்கொள்கிறது. அது உண்டாக்கும் 'டாக்ஸ்' என்ற புரதம் செல்லை ஓயாமல் பெருகத் தூண்டுவதோடு, டி.என்.ஏ.வில் நேரும் பழுதைச் சரிசெய்யும் ஏற்பாட்டையும் குலைக்கிறது. அப்படிப் பெருகும் செல்களில் பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து, பல பத்தாண்டுகள் கழித்தே ஏதோ ஒரு செல் கட்டுமீறிப் போகிறது. வைரஸைச் சுமப்பவர்களில் ஏறத்தாழ 100க்கு 5 பேருக்குத்தான் இந்நிலை வருகிறது. பெரும்பாலோர் அது தம் உடலில் இருப்பதையே அறியாமல் வாழ்ந்து முடிக்கிறார்கள். தாய்ப்பால், உடலுறவு, இரத்தம் ஆகியவையே அது பரவும் வழிகள். எனவே ஜப்பான் 1986இல் தானமாகப் பெறும் இரத்தத்தைச் சோதிக்கத் தொடங்கியது. மறு ஆண்டு நாகசாகியில் கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனையும் பாலூட்டல் குறித்த ஆலோசனையும் ஆரம்பமாயின.

லிம்போமாவோடு அதிகம் பேசப்படும் எப்ஸ்டீன்-பார் வைரஸோ உலகில் வயதுவந்தோரில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களிடம் உள்ளது. உங்களிடமும் என்னிடமும் இருக்கக்கூடும். அதே வைரஸ் ஆப்பிரிக்காவில் மலேரியா மிகுந்த பகுதிகளின் குழந்தைகளிடத்தில் பர்கிட் லிம்போமாவுக்குத் துணைபோகிறது என்றால், வைரஸ் தனியாக அந்த வேலையைச் செய்து முடிப்பதில்லை என்றுதானே பொருள்?

உங்கள் மூத்தாருக்கு மஞ்சள் காமாலை வைரஸ்களான ஹெபடைடிஸ் பி, சி ஆகியவற்றுக்கும் எச்.ஐ.வி.க்கும் சோதனை செய்தாயிற்றா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மண்ணீரலில் தோன்றும் ஒருவகை லிம்போமா, ஹெபடைடிஸ் சி தொற்றுக்கு மருந்து கொடுத்ததுமே சுருங்கியதுண்டு. உடலில் அடங்கிக் கிடக்கும் ஹெபடைடிஸ் பி, லிம்போமா சிகிச்சையின்போது மீண்டும் தலைதூக்கலாம் என்பதால் அதை முன்னரே அறிந்துகொள்வது அவசியம்.

குழந்தைகள் அவர் மடியில் தாராளமாக உட்காரட்டும். சளி, காய்ச்சல், அம்மை போன்றவை அவர்களுக்கு இருக்கும் நாட்களில் மட்டும் தள்ளி வையுங்கள். கீமோதெரபியால் எதிர்ப்பாற்றல் குறைந்திருக்கும் அவருக்குத்தான் அவர்களால் ஆபத்து.