மார்ஜுக்கு வந்த வேறு குரல்

கேள்வி: 'சிம்ப்சன்ஸ்' கார்ட்டூனில் மார்ஜ் என்ற அம்மாவுக்கு ஜெர்மனில் பேசிய எலிசபெத் ஃபோல்க்மனுக்குச் சென்ற இதழில் ஒரு முழுப் பக்கம் கொடுத்திருந்தீர்கள். யாரோ எழுதிக் கொடுத்ததை வாயசைவு பார்த்து வாசிப்பவருக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?
– வாசகர், ஈரோடு

பதில்: ஒரு பக்கம்தான் கொடுத்தோம். கேள்வியைப் படித்த பிறகு இரண்டு பக்கமாகக் கொடுத்திருக்கலாமே என்று தோன்றுகிறது.

முதலில், ஃபோல்க்மன் வாசிக்க மட்டும் வந்தவர் இல்லை. 1936இல் எஸ்ஸன் நகரில் பிறந்தவர். 1973 முதல் 1979 வரை ஜெர்மன் தொலைக்காட்சியில் சக்கைப்போடு போட்ட 'கிளிம்பிம்' நகைச்சுவைத் தொடரில் கிறுக்குப் பிடித்த ஒரு குடும்பத்தின் அம்மா அவர்தான். மகளாக வந்த இங்க்ரிட் ஸ்டேகருக்கும் அவருக்கும் பதினொரு வயதுதான் வித்தியாசம்! அதே தொடரில் நடித்த பியர் அவுகுஸ்டின்ஸ்கி பிற்பாடு ஹாலிவுட் நடிகர் ராபின் வில்லியம்ஸின் ஜெர்மன் குரலாக அறியப்பட்டார். ஒரே கிறுக்குக் குடும்பத்திலிருந்து இரண்டு குரல்கள்.

நடுவில் ஜெர்மன் இயக்குநர் ஃபாஸ்பிண்டரின் 'லோலா', 'வெரோனிகா ஃபாஸ்' படங்களிலும் ஃபோல்க்மன் நடித்தார். 1991இல் 'சிம்ப்சன்ஸ்' ஜெர்மனிக்கு வந்தபோது ஐம்பதைத் தாண்டிவிட்டார். மார்ஜின் கரகரத்த தொண்டை அவருக்கு வந்து சேர்ந்தது. மார்ஜின் இரட்டை அக்காக்களுக்கும் அவரே பேசினார். கொஞ்சிப் பேசும் ஒருத்தி, சிடுசிடுக்கும் இரண்டு பேர், மூன்றுக்கும் ஒரே தொண்டை.

சரி, வாயசைவுக்கு வருவோம். அங்கே டப்பிங்குக்காகப் படத்தை 'டேக்' எனப்படும் சில விநாடித் துண்டுகளாக நறுக்கிவிடுவார்கள். பேசுபவர் மைக் முன்னால் வந்து நிற்பார், மூலக் குரலை ஓரிரு முறை கேட்பார், பேசுவார். அடுத்த துண்டு. வந்து நின்றதற்கு ஒரு தொகை, பேசிய டேக் ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை என்பது சம்பளக் கணக்கு. திரையில் உதடு ஒட்டும் இடத்தில் ம, ப மாதிரி ஓர் எழுத்து விழுந்தாக வேண்டும். போதாக்குறைக்கு, ஜெர்மன் வாக்கியத்தில் வினைச்சொல் பல நேரம் கடைசியில் போய் உட்காரும். ஆங்கில நடிகர் கத்தித் தீர்த்த பிறகுதான் ஜெர்மன் பேசுபவருக்குக் கத்த வேண்டிய சொல்லே கைக்கு வரும். இதையெல்லாம் சரிக்கட்டி வசனம் எழுத ஒருவர், பேச ஒருவர்.

கார்ட்டூனில் உதடு இவ்வளவு படுத்தாது, உண்மைதான். ஆனால் அங்கே முகமும் கோட்டோவியம்தானே! மார்ஜ் அலுத்துப்போய் உறுமும் அந்த உறுமலில் எத்தனை வருஷத்துக் குடும்பப் பாரம் இருக்கிறது என்பதைக் குரல்தான் சொல்ல வேண்டும். வாசித்தால் அது வராது.

2006 ஜூலையில் ம்யூனிக்கில் தன் வீட்டில் ஃபோல்க்மன் இறந்து கிடந்தார். வயது 70. அடுத்த வருடம் அந்த இடத்துக்கு வந்தவர் ஆங்கே எங்கல்கே. புதுமுகம் இல்லை, ஜெர்மனியில் வீட்டுக்கு வீடு தெரிந்த நகைச்சுவை நட்சத்திரம். 'ஃபைண்டிங் நீமோ'வில் மறதிக்கார மீன் டோரிக்குப் பேசியவரும் அவரே. அப்படிப்பட்டவருக்கே ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். படத்தில் அதே நீலக் கொண்டை, அதே பச்சைக் கவுன். ஒரு கோடுகூட மாறவில்லை. ஆனாலும் 'இது எங்கள் மார்ஜ் இல்லை' என்றார்கள். எங்கல்கே பாவம், அவர்மேல் ஒரு தப்பும் கிடையாது. பதினைந்து வருஷம் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் கேட்ட குரல் ஒருநாள் வேறாக வந்தால் யாருக்குத்தான் ஒட்டும்? வாயசைவுக்கு வாசிப்பதுதான் வேலை என்றால், யார் வாசித்தால் என்ன என்று அவர்கள் பேசாமல் பார்த்திருப்பார்களே!

இன்னும் நம்பிக்கை வரவில்லையா? இன்று இரவு வீட்டில் ஏதாவது ஒரு வேற்றுமொழிப் படத்தைச் சத்தமில்லாமல் ஓட விடுங்கள். ஒரே ஒரு நிமிடம், திரையில் இருப்பவருக்குத் தமிழில் பேசிப் பாருங்கள். மூன்றாவது வரியில் அவர் வாயை மூடியிருப்பார், நீங்கள் இன்னும் பேசிக்கொண்டிருப்பீர்கள்.