கை மறக்கவில்லை, டிவிதான் பிந்துகிறது: பழைய பிளேஸ்டேஷன் 2ல் மறுபடி கார் ஓட்ட

கேள்வி: நான் திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறேன். வெளிநாடு போன தம்பியின் பிளேஸ்டேஷன் 2 வீடியோ கேம் பெட்டி அலுமாரிக்குள் 14 வருடமாகக் கிடந்தது. மகனுக்குக் காட்டலாம் என்று எடுத்துத் துடைத்துப் புதிய டிவியில் கொழுவினேன். கிரான் டூரிஸ்மோ 4 என்ற கார் ஆட்டம் வேலை செய்கிறது. அது தம்பி வெளியிலிருந்து கொண்டுவந்த அசல் டிஸ்க். ஆனால் படம் கலங்கலாக இருக்கிறது, ஒவ்வொரு வளைவிலும் சுவரில் மோதுகிறேன். அந்த நாட்களில் நான் இப்படி ஓட்டியதில்லை. டவுனில் அப்போது வாங்கிய நீட் ஃபோர் ஸ்பீட் மோஸ்ட் வான்டட் டிஸ்க் சுற்றுகிறது, திறக்கவில்லை. இதைத் திருத்துவதா, பாவித்த பிளேஸ்டேஷன் 3 ஒன்று வாங்குவதா?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். உங்கள் கையிலும் பிழை இல்லை. இதே முறைப்பாட்டுடன் வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, எந்த டிவியில் கொழுவினீர்கள் என்பதைத்தான்.

பிளேஸ்டேஷன் 2 வந்தது 2000ஆம் ஆண்டில். அன்றைக்கு வீடுகளில் இருந்தது பெட்டி டிவி. நம் நாட்டில் பாவிக்கும் பால் (PAL) என்ற டிவி ஒளிபரப்பு முறையில் படம் விநாடிக்கு 50 தடவை, ஒருமுறை ஒற்றை எண் வரிகளாகவும் அடுத்த முறை இரட்டை எண் வரிகளாகவும் போகும். பெட்டி டிவி அவற்றை வந்த கையோடு திரையில் வரைந்துவிடும். தட்டை டிவி அப்படிச் செய்யாது. இரண்டு பாதிகளையும் சேர்த்து, பெரிதாக்கி, நிறத்தை மெருகேற்றி, அதற்குப் பிறகுதான் காட்டும். இந்த வேலைகளுக்குச் சில டிவிகளில் விநாடியில் பத்தில் ஒரு பங்கு வரை போய்விடும். நாடகம் பார்க்கும்போது அது தெரியாது. மணிக்கு 200 கிலோமீட்டரில் போகும் கார் அதே நேரத்தில் ஐந்தரை மீட்டர் ஓடிவிடும். திரையில் வளைவு தெரிந்து நீங்கள் பிரேக் பிடிக்கும்போது, ஆட்டத்துக்குள் உங்கள் கார் ஏற்கெனவே அந்த வளைவைத் தாண்டிக்கொண்டிருக்கிறது. கிரான் டூரிஸ்மோ போல பிரேக் பிடிக்கும் இடத்தை வைத்தே வெற்றி தோல்வி தீரும் ஆட்டத்தில் இது பெரிய அநியாயம்.

டிவியின் பட அமைப்புகளுக்குள் போய் 'கேம் மோட்' என்பதைப் போடுங்கள். மெருகேற்றும் வேலைகளில் பெரும்பகுதி அத்தோடு நின்றுவிடும். பிறகு படத்தின் அளவை 4:3 ஆக்குங்கள். அகலத் திரைதான் வேண்டுமென்றால் கிரான் டூரிஸ்மோ 4க்குள்ளேயே 16:9 தெரிவு இருக்கிறது. மற்ற ஆட்டங்களை இழுத்துப் பார்த்தால் கார் சப்பையாகத் தெரியும்.

கலங்கலுக்குக் காரணம் பெரும்பாலும் மஞ்சள் முனை வயர். ஒளியையும் நிறத்தையும் ஒரே கம்பியில் கலந்து அனுப்புவதால் ஓரங்கள் கரையும். உங்கள் டிவியில் பச்சை, நீலம், சிவப்புத் துவாரங்கள் இருந்தால் காம்போனென்ட் வயர் வாங்குங்கள். வயரை மாற்றுமுன், மஞ்சள் வயரோடு இருக்கும்போதே, பிளேஸ்டேஷனின் சிஸ்டம் அமைப்பில் காம்போனென்ட் வெளியீட்டை ஆர்ஜிபி (RGB) என்பதிலிருந்து ஒய் (Y) என்று தொடங்கும் மற்றத் தெரிவுக்கு மாற்றிவிடுங்கள். இதைச் செய்யாமல் கொழுவி, படம் பிழையாக வந்ததும் வயர் பழுது என்று திருப்பிக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். கடைகளில் கிடைக்கும் சின்ன எச்டிஎம்ஐ அடாப்டர் படத்தை ஓரளவு தெளிவாக்கும். ஆனால் வரிகளைச் சேர்க்கும் வேலையைப் பெரும்பாலும் டிவியிடமே விட்டுவிடும். ஆகவே அதைப் போட்டாலும் கேம் மோட் வேண்டும்.

உறவினர் வீட்டில் பெட்டி டிவி சும்மா கிடந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இந்த ஆட்டங்களுக்கு அதைவிட நல்ல திரை இல்லை என்பது என் உறுதியான எண்ணம். பின் மூடியை மட்டும் கழற்ற வேண்டாம். வயரைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயர் அழுத்த மின்சாரம் தங்கியிருக்கும்.

அப்புறம் கொன்ட்ரோலர். இதைப் பலர் கவனிப்பதே இல்லை. பிளேஸ்டேஷன் 2 உடன் வந்த டூவல்ஷாக் 2 இன் பட்டன்கள் எவ்வளவு அழுத்துகிறீர்கள் என்பதையும் அளக்கும். எக்ஸ் பட்டனைப் பாதி அழுத்தினால் பாதி வேகம், சதுரப் பட்டனை மெல்லத் தொட்டால் மெல்லிய பிரேக். மலிவான போலிகள் பலவற்றில் இந்த வசதி கிடையாது. தொட்டாலே முழு வேகம், முழு பிரேக்தான். காரை நிற்க வைத்து எக்ஸ் பட்டனை மெதுவாக அழுத்திப் பாருங்கள். எஞ்சின் சத்தம் படிப்படியாக எழ வேண்டும். எடுத்த எடுப்பில் அலறினால் அது போலி, இல்லையென்றால் உள்ளே பழுது. நம் ஊர்க் கடற்காற்றுக்கு 14 வருடம் சும்மா விடாது. போன மாதம் நான் திறந்த ஒன்றில் திருகாணிகள் துருவேறி, இணைப்புப் பற்களில் பச்சை படிந்திருந்தது. ஐசோபுரொபைல் அல்கஹோல் தொட்ட பஞ்சால் துடைத்துக் காயவிட்டதும் நன்றாக வேலை செய்தது. போலிதான் கையில் இருக்கிறது என்றால், வேகத்தையும் பிரேக்கையும் வலது பக்கக் குமிழால் கொடுத்து ஓட்டலாம். பழக இரண்டு நாள் பிடிக்கும்.

டிஸ்க் விஷயத்தில் உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. கிரான் டூரிஸ்மோ 4 இரட்டை அடுக்கு டிவிடி. லேசருக்கு அதைப் படிப்பதுதான் கஷ்டம். அதுவே ஓடுகிறது என்றால் லென்ஸ் சுகமாக இருக்கிறது. மற்றது எழுதிய நகலாகத்தான் இருக்கும். அந்த நாட்களில் இங்கே கிடைத்தவை அநேகமாக அவைதான். எழுதும் டிஸ்க்கில் தகவலைத் தாங்குவது ஒரு சாயம். வெக்கையும் வெளிச்சமும் பட்டு அது மங்கிவிடும். மங்கியதை யாராலும் திருத்த முடியாது. லேசரின் சக்தியைக் கூட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். நல்ல லென்ஸும் சீக்கிரம் செத்துவிடும். அசல் டிஸ்க் ஒன்றைத் தேடுங்கள். துடைக்கும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைக்க வேண்டும், வட்டமாக அல்ல.

பிளேஸ்டேஷன் 3 பற்றி: ஆரம்பகால மொடல்கள் சில மட்டுமே பிளேஸ்டேஷன் 2 டிஸ்க்கைப் படிக்கும். கிரான் டூரிஸ்மோ 5க்கு ஆசை என்றால் வாங்கலாம். அதன் ஒன்லைன் சேவை 2014 இல் நின்றுவிட்டது, தனியாக ஓட்டுவதற்குத் தடையில்லை. எல்லா ஆட்டத்துக்கும் அந்தப் பாக்கியம் கிடைப்பதில்லை. 2014 இல் வந்த தி க்ரூ என்ற கார் ஆட்டத்தின் சேர்வரை 2024 மார்ச்சில் நிறுத்தினார்கள். காசு கொடுத்து வாங்கியவர்களாலும் அன்றோடு அதைத் திறக்க முடியாமல் போனது. உங்கள் அலுமாரியில் கிடந்த டிஸ்க்குக்கு யாருடைய சேர்வரும் தேவையில்லை. இந்தப் பழைய பெட்டிகளைத் திருத்துவதில் எனக்கு இவ்வளவு அக்கறை இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

மகனை எடுத்தவுடன் கிரான் டூரிஸ்மோவின் லைசென்ஸ் தேர்வுகளில் உட்கார வைக்க வேண்டாம், வெறுத்துவிடுவான். 2004 இல் வந்த பர்ன்அவுட் 3 கிடைத்தால் திரையை இரண்டாகப் பிரித்து இருவரும் ஓடுங்கள். எதிராளியை இடித்துத் தள்ளுவதுதான் அதில் விளையாட்டே. கை பழகிய பிறகு கிரான் டூரிஸ்மோவின் நூர்புர்க்ரிங் பாதைக்குக் கூட்டிப் போங்கள். ஒரு சுற்று 20 கிலோமீட்டருக்கு மேல், டவுனிலிருந்து நிலாவெளிக்குப் போவதைவிட நீளம்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். மகன் புது ஆட்டம் தொடங்குமுன் தம்பியின் மெமரி கார்டைக் கழற்றிப் பத்திரமாக வையுங்கள். தம்பியின் பெயரில் சேர்ந்த கார்கள் அத்தனையும் அந்த 8 மெகாபைட்டுக்குள் இருக்கின்றன, மேலே பதிந்துவிட்டால் திரும்ப வராது. மகனுக்கு வேறு கார்ட் ஒன்று வாங்கிக் கொடுங்கள். அதற்கு முன் ஒருமுறை பழைய கார்டைப் போட்டு, தம்பியின் கராஜைத் திறந்து, திரையைப் படம் பிடித்து அவனுக்கு அனுப்பிவிடுங்கள்.