பிராக்டிகல் பிஸ்டல் போட்டி: புதிதாக வருபவர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அண்ணா, நின்ற இடத்திலிருந்து காகித இலக்கில் நன்றாகச் சுடுவேன். ஐபிஎஸ்சி (சர்வதேச பிராக்டிகல் ஷூட்டிங் கூட்டமைப்பு) போட்டிக்கு அது போதுமா?

பதில்: நல்ல தொடக்கம்தான். ஆனால் இங்கே ஹோல்ஸ்டரிலிருந்து (இடுப்பு உறை) துப்பாக்கியை உருவ வேண்டும், ஓட வேண்டும், தடுப்புக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துச் சுட வேண்டும், நடுவில் மேகஸின் (தோட்டாப் பெட்டி) மாற்ற வேண்டும். பெரிய ஸ்டேஜ் (ஒரு சுற்றுக்கான களம்) என்றால் 32 ரவுண்டு (தோட்டா) வரை போகும். 1976ல் அமெரிக்கத் துப்பாக்கிப் பயிற்சியாளர் ஜெஃப் கூப்பர் தலைமையில் ஐபிஎஸ்சி உருவானபோது துல்லியம், வலிமை, வேகம் என்ற மூன்றையும் அடிப்படையாக வைத்தார்கள். வேகம் கடைசியில் இருப்பதைக் கவனியுங்கள். பழகும் வரிசையும் அதுவாகவே இருக்கட்டும்.

கேள்வி: வேகமா, குறியா? எதற்கு மதிப்பெண் அதிகம்?

பதில்: எடுத்த புள்ளியை நேரத்தால் வகுப்பார்கள். அதுதான் ஹிட் ஃபேக்டர். மைனர் பவரில் (வலிமை குறைந்த தோட்டா) இலக்கின் நடுவிலுள்ள ஏ பகுதிக்கு 5, அதற்கு வெளியே சி பகுதிக்கு 3, ஓரத்து டி பகுதிக்கு 1. இலக்கைத் தவறவிட்டால் அந்தப் புள்ளி போவதோடு இன்னும் 10 கழியும். சுடக்கூடாத இலக்கில் பட்டாலும் 10 போச்சு.

12 ரவுண்டு ஸ்டேஜில் கணக்குப் போடுவோம். ஒருவர் 10 ஏ, 2 சி எடுத்து 8 விநாடியில் முடிக்கிறார்: 56ஐ 8ஆல் வகுத்தால் 7. இன்னொருவர் அவசரப்பட்டு 7 விநாடியில் முடிக்கிறார். 9 ஏ, 2 சி, ஒரு மிஸ். 51ல் 10 போக 41; வகுத்தால் 5.86தான். ஒரு விநாடி முந்தியும் பின்தங்கிவிட்டார். பன்னிரண்டும் ஏ அடித்து 10 விநாடி எடுத்தவருக்கோ 6. மிஸ்ஸை முதலில் ஒழியுங்கள், நேரம் பிறகு குறையும்.

கேள்வி: சார், எந்த பிஸ்டல் வாங்கலாம்?

பதில்: முதலில் வாங்காதீர்கள். ஒரு போட்டியை முழுதாகப் பாருங்கள், கிளப்பில் கேட்டு இரவல் துப்பாக்கியில் பழகுங்கள். பிறகு 9 எம்எம் பிஸ்டல், ப்ரொடக்ஷன் டிவிஷன் (பெரிய மாற்றம் செய்யாத துப்பாக்கிகளுக்கான பிரிவு). டிரிகரை முழுதாக மூடும் ஹோல்ஸ்டர், வளையாத பெல்ட், மேகஸின் பவுச்சுகள், கண்ணாடி, காதுக் கவசம் போதும். மிச்சப் பணத்தை ரவுண்டுக்கு வையுங்கள்.

கேள்வி: டிஸ்குவாலிஃபை (போட்டியிலிருந்து நீக்கம்) ஆகிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: அந்தப் பயம் இருக்கட்டும், நல்லதுதான். பெரும்பாலும் மாட்டிக்கொள்வது மேகஸின் மாற்றும் நேரத்தில். கண் பவுச்சைத் தேடும், மனம் அடுத்த இலக்குக்குப் போய்விடும், ஆட்காட்டி விரல் மட்டும் டிரிகர் கார்டுக்குள்ளேயே நிற்கும். ரேஞ்ச் ஆபீசர் (களத்தை மேற்பார்க்கும் நடுவர்) உங்கள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார், உடனே நிறுத்திவிடுவார். குறி பார்க்காத நேரமெல்லாம் விரல் வெளியே, ஃப்ரேமோடு (துப்பாக்கியின் உடல்) ஒட்டி இருக்க வேண்டும். பக்கவாட்டில் ஓடும்போது துப்பாக்கி முனையும் உடம்போடு சேர்ந்து திரும்ப முயலும். கால் எங்கே போனாலும் முனை பின்தடுப்பு மண்மேட்டையே பார்க்கட்டும்.

சேஃப்டி ஏரியாவில் (துப்பாக்கியைக் கையாள ஒதுக்கிய இடம்) துப்பாக்கியை எடுத்துப் பார்க்கலாம், ஆனால் அங்கே ரவுண்டைத் தொடவே கூடாது. டம்மி ரவுண்டும் (வெடிக்காத போலித் தோட்டா) அப்படித்தான். வேறெங்கும் ரேஞ்ச் ஆபீசர் சொல்லாமல் துப்பாக்கியைத் தொடாதீர்கள்.

கேள்வி: ரவுண்டு விலை கட்டுப்படியாகவில்லை. வீட்டில் என்ன செய்யலாம்?

பதில்: டிரை ஃபயர், அதாவது தோட்டா இல்லாமல் சுட்டுப் பழகுவது. இதை நான் எத்தனை முறை சொன்னாலும் அலுக்காது. துப்பாக்கியைக் காலி செய்து, சேம்பரை (தோட்டா நிற்கும் அறை) கண்ணாலும் விரலாலும் பாருங்கள். ரவுண்டு எல்லாம் வேறு அறையில். சுவரில் சின்ன இலக்கு ஒட்டி, அதற்குப் பின்னால் குண்டைத் தாங்கும் தடுப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு உருவுவது, பார்வையை இலக்கில் நிறுத்துவது, டிரிகரை இழுப்பது. இழுக்கும்போது முன் சைட் (முனையிலுள்ள குறிமுள்) அசைந்தால் அந்தக் குண்டு சி பகுதிக்குத்தான் போயிருக்கும். தினமும் பத்து நிமிடம் போதும். களைப்பு வந்தால் நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: எனக்கு 61 வயது, முழங்கால் வலி. வரலாமா?

பதில்: தாராளமாக வாருங்கள் ஐயா. 60க்கு மேல் சூப்பர் சீனியர் பிரிவே இருக்கிறது. ஓட முடியாதவர் திட்டத்தால் ஈடுகட்டலாம். ஸ்டேஜை நடந்து பார்க்கும்போது எந்த இடத்தில் நின்றால் அதிக இலக்கு தெரிகிறது என்று பாருங்கள்; இரண்டு அடி மிச்சமானாலும் லாபம்.

கேள்வி: முதல் போட்டி அடுத்த வாரம். கடைசியாக ஏதாவது?

பதில்: புதியவர் என்று ஸ்குவாடில் (உங்களோடு சுடும் குழு) முதலிலேயே சொல்லிவிடுங்கள், வரிசையில் பின்னால் விடுவார்கள், நாலு பேர் சுடுவதைப் பார்த்துவிட்டுப் போகலாம். 'லோட் அண்ட் மேக் ரெடி' (தோட்டா போட்டுத் தயாராகு) என்ற கட்டளை கேட்டதும் அவசரமே வேண்டாம், மூச்சு விட்டு நிதானமாக லோட் செய்யுங்கள். டைமர் பீப் அடிக்கும் வரை நேரம் ஓடாது.