சிந்தெட்டிக் ஆயிலுக்கு பில், வண்டியில் மினரல் ஆயில்: கால் டாக்ஸி ஓட்டுநரின் கேள்வி

கேள்வி: ஐயா, கோவையில் சொந்தக் கார் வைத்து நானே கால் டாக்ஸி ஓட்டுகிறேன். பி.எஸ்.6 டீசல் வண்டி. வாங்கி ஒரு வருடத்தில் 48,000 கி.மீ. ஓடிவிட்டது. 10,000 கி.மீ.க்கு ஒரு முறை என்று 4 முறை அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில்தான் ஆயில் மாற்றினேன். "ஃபுல்லி சிந்தெட்டிக் போட்டுக்கொள்ளுங்கள்" என்றார்கள். ஒவ்வொரு முறையும் 4 லிட்டருக்கு 3,600 ரூபாய் கொடுத்தேன், பில்லும் அப்படியே இருக்கிறது. போன வாரம் வேறு ஒரு வேலைக்காக, சர்வீஸில் செய்த வேலைகளை அவர்கள் பதியும் ஜாப் கார்டு நகல்களை வாங்கிப் பார்த்தால், 4 முறையும் லிட்டர் 450 ரூபாய் விலையுள்ள, சாதாரண ரகமான மினரல் ஆயில் (15டபிள்யூ-40 கிரேடு) கொடுத்ததாகப் பதிவு இருக்கிறது. கேட்டால் "டைப்பிங் மிஸ்டேக்" என்கிறார்கள். இனி வெளியில் மாற்றிக்கொள்கிறேன் என்றால் "வாரன்டி போய்விடும்" என்கிறார்கள். ஸ்டாண்டில் இருப்பவர்கள் போலீசுக்குப் போகச் சொல்கிறார்கள். 4 முறைக்கும் சேர்த்து விலை வித்தியாசம் 7,200 ரூபாய். இதற்காக கேஸ் போடலாமா?

பதில்: நுகர்வோர் ஆணையத்தில் தாராளமாகப் போடலாம். ஆனால் கேஸைவிட அவசரமான ஒன்று இருக்கிறது. உங்கள் வண்டியில் இப்போது இருக்கும் ஆயில் 8,000 கி.மீ. ஓடியது. இன்னும் 2,000 கி.மீ.யில் அதை வடித்துவிடுவார்கள். நீங்கள் ஓட்டும் வேகத்துக்கு அது இரண்டு, மூன்று வாரம்தான். அதற்குள் செய்ய வேண்டியவை உண்டு.

முதலில் ஓனர்ஸ் மேனுவலில் லூப்ரிகன்ட் பக்கத்தை எடுங்கள். வண்டிப் புகையைக் கட்டுப்படுத்தும் பி.எஸ்.6 விதிகள் 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அதன்பின் வந்த டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். என்ற வடிகட்டி இருக்கிறது. அதில் சேரும் கரி, அதிக வெப்பத்தில் எரிந்துவிடும். ஆயிலில் உள்ள சேர்க்கைப் பொருட்கள் எரிந்து உண்டாகும் சாம்பல் எரியாது, அங்கேயே தங்கி அடைக்கும். அதனால்தான் இந்த வண்டிகளுக்குச் சாம்பல் குறைவான ஆயிலைக் குறிப்பிடுகிறார்கள். மேனுவலில் ஏ.சி.இ.ஏ. (ஐரோப்பிய வாகன உற்பத்தியாளர் சங்கம்) தரப்படி சி2, சி3 போன்ற குறியீடு இருந்தால் அதுதான் விஷயம். ஜாப் கார்டில் உள்ள ஆயிலின் பெயரையும் பார்ட் நம்பரையும் வைத்து, அது இந்தக் குறியீட்டில் அடங்குமா என்று பாருங்கள். அடங்காவிட்டால் உங்கள் நஷ்டம் 7,200 ரூபாயோடு முடிவதில்லை.

அப்படியானால் இன்றே சர்வீஸ் சென்டருக்கும் கார் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் இமெயில் அனுப்புங்கள். சரியான ஆயிலை அவர்கள் செலவில் மாற்றித் தர வேண்டும், டி.பி.எஃப்.பைச் சோதித்து எழுத்தில் அறிக்கை தர வேண்டும், வண்டியின் சர்வீஸ் வரலாற்றில் இதைப் பதிவு செய்ய வேண்டும் என்று கேளுங்கள். பின்னால் டி.பி.எஃப். அடைத்து, "நீங்கள் சரியாகப் பராமரிக்கவில்லை" என்று வாரன்டியை மறுத்தால் இந்தக் கடிதம்தான் உங்களைக் காப்பாற்றும்.

ஆயிலை வடிக்கும்போது அரை லிட்டரைச் சுத்தமான பாட்டிலில் பிடித்து, இரண்டு பேர் முன்னிலையில் சீல் வைத்து, ஓடோமீட்டர் தெரியும்படி வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். நுகர்வோர் சட்டப்படி ஆய்வகத்துக்குப் போகும் மாதிரியை ஆணையமே பெற்று சீல் வைத்து அனுப்புவதுதான் முறை. அதோடு, ஓடிய ஆயிலில் அடிப்படை எண்ணெய் எது என்று பிரித்துச் சொல்வதும் எளிதல்ல. "ஆயில் கறுத்துப்போச்சு, அதனால் மினரல்தான்" என்று எந்த மெக்கானிக் சொன்னாலும் மனுவில் எழுத வேண்டாம். டீசல் இன்ஜினில் எந்த ஆயிலும் சீக்கிரம் கறுத்துவிடும்.

உங்கள் உண்மையான பலம் காகிதத்தில் இருக்கிறது. ஒரு முறை என்றால் டைப்பிங் மிஸ்டேக் என்று நம்பலாம். 4 தேதிகளில், 4 ஜாப் கார்டுகளில் ஒரே தவறா? ஆணையத்துக்கு ஆவணங்களை வரவழைக்கும் அதிகாரம் உண்டு. அந்த மாதங்களில் எந்த ஆயில் எத்தனை பேரல் வாங்கினார்கள், ஸ்டோரிலிருந்து எவ்வளவு கொடுத்தார்கள் என்ற கணக்கைத் தாக்கல் செய்யும்படி தனி மனு போடுங்கள்.

இன்னொன்றையும் கவனமாகச் செய்யுங்கள். "சிந்தெட்டிக்தான் உயர்ந்தது, மினரல் மட்டம்" என்று வாதாடப் போக வேண்டாம். அந்த வார்த்தையே வழுக்கும். 1990களில் அமெரிக்காவில் மொபில் நிறுவனம், காஸ்ட்ரால் நிறுவனம் கச்சா எண்ணெயிலிருந்து தீவிரமாகச் சுத்திகரித்த எண்ணெயை சிந்தெட்டிக் என்று விற்பதாகப் புகார் செய்தது. விளம்பரங்களைக் கண்காணிக்கும் அமைப்பு 1999-இல் காஸ்ட்ராலுக்குச் சாதகமாகவே முடிவு சொன்னது. எனவே "எது சிந்தெட்டிக்?" என்ற விவாதத்துக்குள் எதிர்தரப்பு வக்கீல் இழுத்தால் போகாதீர்கள். பில்லில் எழுதிய கிரேடு இது, பார்ட் நம்பர் இது, விலை இது. ஊற்றியதாக சர்வீஸ் சென்டரின் பதிவே சொல்வது அது. இவ்வளவுதான் உங்கள் வழக்கு.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(47)-இன்படி, ஒரு பொருளின் தரம், கிரேடு, உட்பொருள் பற்றிப் பொய்யாகச் சொல்லி விற்பது நேர்மையற்ற வணிக நடைமுறை. பிரிவு 2(11)-இன்படி, தெரிவிக்க வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பது சேவைக் குறைபாடு. இரண்டையும் மனுவில் சேருங்கள்.

"இது டாக்ஸி, வணிக நோக்கம், இவர் நுகர்வோரே அல்ல" என்பதுதான் அவர்களின் முதல் ஆட்சேபணையாக இருக்கும். சுயதொழிலாகத் தன் பிழைப்புக்காக மட்டும் பொருளைப் பயன்படுத்துபவரைச் சட்டம் வணிக நோக்கத்தில் சேர்ப்பதில்லை. ஒரே வண்டி, ஓட்டுவது நீங்களே, குடும்பம் நடப்பது இந்த வருமானத்தில் என்பதை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். இதை எழுதாமல் விட்டு, நல்ல வழக்குகள் வாசலிலேயே விழுந்திருக்கின்றன.

வாரன்டி மிரட்டலுக்கு வருகிறேன். உதிரிபாகங்கள் தொடர்பான வழக்கில் இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்கு எதிராக உத்தரவிட்டது. வெளிப் பட்டறைக்குப் போனதாலேயே வாரன்டி மொத்தமும் ரத்து என்று பொத்தாம்பொதுவாக நிபந்தனை போடக்கூடாது, வெளியில் செய்த தவறான வேலையால் வந்த சேதத்துக்கு மட்டும் மறுக்கலாம் என்பது அதன் சாரம். நிறுவனங்கள் இதை எதிர்த்து மேல்முறையீடு செய்தன. ஆகவே உங்கள் வாரன்டி புத்தகத்தின் நிபந்தனைகளை வரிக்கு வரி படியுங்கள். என் யோசனை, வாரன்டி முடியும்வரை அதே கம்பெனியின் வேறொரு அங்கீகரிக்கப்பட்ட சென்டருக்கு மாறிவிடுங்கள். சண்டையை ஒரு முனையில் மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

போலீஸ் இப்போது வேண்டாம். மோசடி என்றால் தொடக்கத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். பெரும்பாலும் வழக்குப் பதியாமல், புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து "சிவில் விவகாரம்" என்று அனுப்பிவிடுவார்கள்.

நோட்டீஸை நீங்களே எழுதலாம். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி 15 நாள் அவகாசம் கொடுங்கள். இடையில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். பதில் வராவிட்டால் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் இடத்திலேயே தாக்கல் செய்யச் சட்டம் அனுமதிக்கிறது. செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இ-ஜாக்ரிதி தளம் வழியாக ஆன்லைனிலும் போடலாம். காலக்கெடு 2 வருடம். வாட்ஸ்அப் உரையாடல் இருந்தால் அழிக்காதீர்கள்.

7,200 ரூபாயை வட்டியோடு கேளுங்கள், டி.பி.எஃப். சோதனைச் செலவு, வண்டி நின்ற நாட்களின் வருமான இழப்பு ஆகியவற்றை ரசீது, டிரிப் கணக்கோடு கேளுங்கள். மன உளைச்சலுக்கு நியாயமான ஒரு தொகை. 5 லட்சம் என்று எழுதினால் மொத்த மனுவின் மீதும் நம்பிக்கை குறையும். ஆணையம் சமரசத்துக்கு அனுப்பினால் மறுக்காமல் போங்கள், உங்கள் மாதிரியான வழக்கு அங்கேயே முடிய நல்ல வாய்ப்பு உண்டு.

சிந்தெட்டிக்குக்கு இவ்வளவு செலவழிப்பது வீணா என்ற சந்தேகமும் உங்களுக்கு இருக்கலாம். நீங்கள் சொல்லும் விலையில் வித்தியாசம் கிலோமீட்டருக்கு 18 பைசா. மேனுவல் கேட்கும் ஆயில் அதுவென்றால் அந்த 18 பைசாவை மிச்சம் பிடிக்காதீர்கள். அதே சமயம், சிந்தெட்டிக் போட்டாயிற்று, 15,000 வரை ஓட்டலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். வாரன்டி பார்ப்பது மேனுவலில் உள்ள இடைவெளியை மட்டுமே.

50,000 கி.மீ. சர்வீஸில் பேரலிலிருந்து ஊற்ற விடாமல் சீல் உடைக்காத கேன் கேளுங்கள். கேனின் பேட்ச் நம்பரைப் படம் எடுத்து, ஜாப் கார்டில் ஆயிலின் பெயரை எழுத வைத்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.