தற்காப்புக் கைத்துப்பாக்கி: ட்ரிகர் எடையும் சேஃப்டியும் – கேள்வி பதில்

கேள்வி: ட்ரிகர் இழுப்பு எத்தனை பவுண்டு இருந்தால் சரி, சார்?

பதில்: சுடும்போது ட்ரிகரை எவ்வளவு விசையோடு இழுக்க வேண்டும் என்பதே இந்த எடை. ஸ்ட்ரைக்கர் வகைப் பிஸ்டலுக்கு (வெளியே சுத்தி இல்லாமல் உள்ளிருக்கும் ஊசி பாய்ந்து சுடுவது) ஐந்திலிருந்து ஆறரை பவுண்டு. கிளாக் நிறுவனப் பிஸ்டலின் வழக்கமான ட்ரிகர் 5.5 பவுண்டு, கிட்டத்தட்ட 2.5 கிலோ. நாலுக்குக் கீழே போவதெல்லாம் போட்டிக்காரர்கள் வேலை. பதற்றத்தில் விரல் நுனியின் உணர்வு மங்கிவிடும்; இடுப்பில் வைக்கும் துப்பாக்கிக்கு அது வேண்டாம். எடையோடு இழுப்பின் நீளத்தையும் பாருங்கள். நீளமான இழுப்பு, நிறுத்திக்கொள்ள அவகாசம் தரும்.

கேள்வி: கனமா இருந்தா தவறுதலா வெடிக்காதுல்ல? அப்போ 12 பவுண்டே வெச்சுக்கலாமே?

பதில்: நியூயார்க் நகரப் போலீஸ் பல வருடம் அப்படித்தான் வைத்திருந்தது. கணக்குப் போடுங்கள்: குண்டு நிரப்பிய கிளாக் 19 ஏறக்குறைய இரண்டு பவுண்டு. அதன்மேல் 12 பவுண்டு விசை போட்டால் முனை நகராமல் என்ன செய்யும்? 2012 ஆகஸ்டில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு வெளியே இரண்டு அதிகாரிகள் 16 முறை சுட்டார்கள். போலீஸ் குண்டுகளாலும் அவற்றின் சிதறல்களாலும் வழிப்போக்கர் ஒன்பது பேர் காயப்பட்டார்கள். பழி முழுவதும் ட்ரிகர்மேல் இல்லை, நெரிசலான நடைபாதை அது. ஆனால் அந்த விவாதம் அடங்கவில்லை. 2021இல் புதிதாகச் சேர்பவர்களுக்கு இலகுவான ட்ரிகர் கொடுக்கத் தொடங்கினார்கள்.

இன்னொன்று: திடுக்கிட்டால் கை மொத்தமும் இறுகும். விரல் ட்ரிகர்மேல் இருந்தால் அந்த இறுக்கம் 12 பவுண்டையும் தாண்டக்கூடும். சுட முடிவெடுக்கும்வரை விரல் ட்ரிகரைத் தொடாமல், அதற்கு மேலே துப்பாக்கியின் உடல்பகுதியில் நேராக இருக்கட்டும்.

கேள்வி: கட்டைவிரல் சேஃப்டி உள்ளதா, இல்லாததா? எதை வாங்க?

பதில்: கட்டைவிரல் சேஃப்டி என்பது துப்பாக்கி சுடாமல் தடுக்கும் சிறு நெம்புகோல். 1911 வகைப் பிஸ்டல் என்றால் பேச்சே இல்லை, வேண்டும். ஹேமர் (பின்னாலுள்ள சுத்தி) அடிக்கத் தயாராக ஏறியே இருக்கும், இழுப்பு குட்டை. உறையிலிருந்து எடுத்து முனை இலக்கை நோக்கித் திரும்பியபின் கட்டைவிரலால் கீழே தள்ளுவது. பெரெட்டா 92எஃப்எஸ்ஸில் நேர்மாறு: நெம்புகோல் ஸ்லைடில் (மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதி) இருக்கும், சுட மேலே தள்ள வேண்டும். இரண்டையும் மாற்றி மாற்றிக் கட்டினால் கை குழம்பும், ஒன்றில் நில்லுங்கள். எம்&பி ஷீல்ட் பிஸ்டல் சேஃப்டியோடும் இல்லாமலும் இரண்டு விதமாகவும் கிடைக்கிறது. காலித் துப்பாக்கியில் தினமும் சேஃப்டியைத் தள்ளிப் பழகுவீர்களென்றால் வாங்குங்கள். பழகாத சேஃப்டி, வேண்டிய நேரத்தில் சுடவிடாது.

கேள்வி: ரிவால்வர்ல ஸ்ப்ரிங் மாத்தி இலகுவாக்கலாமா?

பதில்: கவனம். டபுள் ஆக்‌ஷன் ரிவால்வர் (ஒரே இழுப்பில் ஹேமரை ஏற்றிச் சுடுவது) 10–12 பவுண்டு இருப்பதே ஹேமர் ஓங்கி அடிக்கத்தான். ஹேமரை இயக்கும் மெயின் ஸ்ப்ரிங்கைத் தளர்த்தினால் பிரைமரில் (தோட்டாவின் அடியில் அடிபட்டு தீப்பொறி தரும் பகுதி) பள்ளம் ஆழமில்லாமல் விழும், தோட்டா வெடிக்காது. ரிட்டர்ன் ஸ்ப்ரிங் தளர்ந்தால் ட்ரிகர் முழுதாகத் திரும்பாது. மாற்றியே தீர வேண்டுமென்றால், கையோடு வைத்துக்கொள்ளும் அதே தோட்டாவில் ஒரு பெட்டி சுட்டுப் பாருங்கள். ஒன்று வெடிக்காவிட்டாலும் பழைய ஸ்ப்ரிங்குக்கே திரும்புங்கள்.

கேள்வி: வீட்டிலேயே அளக்கும் முறை?

பதில்: மேகசினை (தோட்டாக்கள் அடுக்கும் பெட்டி) கழற்றி, ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தி, சேம்பர் (குழலில் தோட்டா அமரும் இடம்) காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். தோட்டா வேறு அறையில். இழுப்பை அளக்கும் அளவியின் கொக்கியை, ட்ரிகரில் விரல் அமரும் இடத்திலேயே மாட்ட வேண்டும். கீழ் நுனியில் மாட்டினால் குறைத்துக் காட்டும், மேலே போனால் கூட்டும். குழலுக்கு இணையாக, நிதானமாகப் பத்து இழுப்பு, பிறகு சராசரி.

கேள்வி: ஹோல்ஸ்டரில் (துப்பாக்கி உறையில்) போடும்போதுதான் பயமா இருக்கு.

பதில்: பயப்பட வேண்டிய இடமே அதுதான். சட்டை நுனியோ ஜாக்கெட் நாடாவோ ட்ரிகருக்குள் சிக்கினால் போதும். ட்ரிகரை முழுக்க மூடும் கெட்டியான உறை வாங்குங்கள். குனிந்து பார்த்து மெதுவாகச் செருகுங்கள். வெளியே ஹேமர் உள்ளதென்றால் கட்டைவிரல் அதன்மேல் இருக்கட்டும், அசைந்தால் உடனே தெரியும்.

கேள்வி: வீட்டில் ஐந்து வயதுப் பையன். சேஃப்டி போட்டு அலமாரியில் வைத்தால் போதுமா?

பதில்: போதாது. குழந்தைகள் துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்து இரண்டு கட்டைவிரலாலும் அழுத்துவார்கள். கனமான ட்ரிகரும் இறங்கிவிடும், அதுவும் முனை அவர்களையே பார்த்தபடி. சேஃப்டி நெம்புகோலையும் விளையாட்டாகத் தட்டிவிடுவார்கள். எண் பூட்டுள்ள இரும்புப் பெட்டி வாங்கி, சுவரிலோ கட்டிலிலோ திருகி வையுங்கள்.