வெளிநாட்டில் இருக்கும் மனைவிக்கு ஐடிஐஎன்: கேள்வி பதில்

கேள்வி: நான் அமெரிக்காவில் கிரீன் கார்டில் இருக்கிறேன். மனைவி திருச்சியில், விசாவுக்குக் காத்திருக்கிறார். வரிக் கணக்கில் அவரைச் சேர்க்கலாமா?

பதில்: அந்த வரி ஆண்டின் டிசம்பர் 31-க்குள் கல்யாணம் ஆகியிருந்தால் சேர்க்கலாம். அதற்கு அவருக்கு ஐடிஐஎன் வேண்டும். சோஷியல் செக்யூரிட்டி எண் வாங்க முடியாதவர்களுக்கு அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ் தரும் வரி எண் அது. அவரையும் அமெரிக்கவாசியாகக் கருதும்படி இருவரும் கையெழுத்திட்ட கடிதத்தை 1040 படிவத்தோடு (வருமான வரிக் கணக்குப் படிவம்) வையுங்கள். 2024-க்கு, சேர்ந்து போட்டால் நிலையான கழிவு (வருமானத்தில் வரி இல்லாமல் கழித்துக்கொள்ளும் தொகை) 29,200 டாலர்; தனித்தனியாகப் போட்டால் உங்களுக்கு 14,600. ஆனால் அவருடைய திருச்சிச் சம்பளமும் பேங்க் வட்டியும் கணக்கில் வந்துவிடும். இரண்டு விதமாகவும் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: முதலில் ஐடிஐஎன் எண்ணை வாங்கிக்கொண்டு, பிறகு ஆன்லைனில் தாக்கல் செய்யலாமா?

பதில்: முடியாது. ஐடிஐஎன் கேட்கும் டபிள்யூ-7 விண்ணப்பம் வரிக் கணக்கோடு சேர்ந்தேதான் போக வேண்டும், அதுவும் காகிதத்தில். டபிள்யூ-7 மேலே, 1040 கீழே. 1040-இல் மனைவியின் எண்ணுக்கான கட்டம் காலியாகவே இருக்கட்டும். டபிள்யூ-7-இல் 'இ' (e) கட்டத்தை டிக் செய்து, உங்கள் பெயரையும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணையும் எழுதுங்கள். அவர் அமெரிக்கா வந்ததே இல்லையென்றால் 6டி (6d) வரியில் அதை ஆங்கிலத்தில் முழுதாக எழுத வேண்டும். கையெழுத்து அவருடையதாகவே இருக்கட்டும்.

கேள்வி: பாஸ்போர்ட் நகலில் நோட்டரி முத்திரை போதுமா?

பதில்: போதாது. பலருடைய விண்ணப்பம் திரும்பி வருவது இதனால்தான். அசல் பாஸ்போர்ட், அல்லது அதை வழங்கிய அலுவலகமே சான்றளித்த நகல், இரண்டில் ஒன்றுதான் செல்லும். பாஸ்போர்ட் இருந்தால் வேறு அடையாள ஆவணம் தேவையில்லை. விசா நேர்காணல் நெருங்கும் நேரத்தில் அசலைத் தபாலில் அனுப்பவே அனுப்பாதீர்கள். திரும்பி வர 60 நாள் வரை ஆகலாம். ஐஆர்எஸ் அங்கீகரித்த ஏஜென்ட் அசலைப் பார்த்துச் சான்று தருவார். பாஸ்போர்ட் கையைவிட்டுப் போகாது. நாடுவாரியான பட்டியல் ஐஆர்எஸ் தளத்தில் இருக்கிறது. கட்டணம் கேட்பார்கள், கொடுத்துவிடலாம்.

கேள்வி: எங்கே அனுப்புவது? எத்தனை நாளாகும்?

பதில்: வழக்கமாகக் கணக்கு அனுப்பும் முகவரிக்கு அல்ல, டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினில் உள்ள ஐடிஐஎன் பிரிவுக்கு. தபாலுக்கு ஒரு முகவரி, கூரியருக்கு வேறு. டபிள்யூ-7 வழிகாட்டியில் இரண்டும் இருக்கின்றன. சாதாரணமாக 7 வாரம். ஜனவரி நடுவிலிருந்து ஏப்ரல் இறுதி வரையிலும், வெளிநாட்டிலிருந்து அனுப்பினாலும் 9 முதல் 11 வாரம்.

கேள்வி: சென்ற வருடம் தனியாகத் தாக்கல் செய்துவிட்டேன். போனது போனதுதானா?

பதில்: இல்லை. அந்தக் கணக்கின் கெடு தேதியிலிருந்து 3 வருடத்துக்குள் 1040-எக்ஸ் (திருத்தக் கணக்குப் படிவம்) போட்டுச் சேர்ந்த கணக்காக மாற்றலாம். அதோடும் டபிள்யூ-7, இருவர் கையெழுத்திட்ட கடிதம், பாஸ்போர்ட் சான்று எல்லாம் வேண்டும்.

கேள்வி: மனைவி இங்கே வந்து சோஷியல் செக்யூரிட்டி எண் வாங்கிவிட்டால்?

பதில்: அன்றிலிருந்து ஐடிஐஎன்னைப் பயன்படுத்தக் கூடாது. இரண்டு எண்களையும் குறிப்பிட்டு ஐஆர்எஸ்ஸுக்குக் கடிதம் எழுதுங்கள். பழைய பதிவுகளைப் புதிய எண்ணோடு இணைப்பார்கள்.